பதினஞ்சாம் நம்பர் போர்டு

போன வாரக் கதையில ரிட்சுகோ போனைக் கீழ வெச்சா, நாமளும் அதோட எந்திரிச்சுப் போயிட்டோம். என்ன நடந்துச்சுன்னா, ஹினோசேங்குற சின்ன ஊர்ல டிராம் ஓட்டுற அவளை, வடக்குல இருக்குற பெரிய ஊர் டிராம் கம்பெனி வா வான்னு கூப்பிட்டுச்சு. புது வண்டி, நீளமான லைன், பொம்பளை டிராம் ஓட்டினா யாரும் திரும்பிப் பாக்காத ஊரு. அவளும் யோசிச்சா, புரண்டு புரண்டு படுத்து யோசிச்சா, கடைசில "மன்னிக்கணும், என்னால வர முடியாது"ன்னுட்டா.

ஏன்? ரெண்டு பேர் சொன்னாங்கன்னுதான். புருஷன் ஷோஹெய் சொன்னான், நம்ம துறைமுக லைன் எங்கயும் போகப்போறதில்ல, நீ ஏன் போற? அப்பா தோகுஜி சொன்னாரு, இந்தத் தண்டவாளம் என் காலத்துல இருந்துச்சு, உன் காலத்துலயும் கிடக்கும். அவர் அதே லைன்ல டிராம் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷன். அவர் ஒண்ணு சொன்னா அது தண்டவாளமே வாயைத் தொறந்து பேசுன மாதிரி இவளுக்கு.

சரி, இப்போ செவ்வாக்கிழமைக்கு வருவோம்.

காலையிலேயே ஹினோசே ஊரு நடுவுல ஒரு கிரேன் லாரி தன்னோட கையை மடக்காம வந்து டிராம் கம்பியை இழுத்து அறுத்துருச்சு. யாருக்கும் அடி இல்ல. ஆனா துறைமுக லைன் மொத்தமும் படுத்துருச்சு. ரிட்சுகோவோட வண்டி ஆஸ்பத்திரி ஸ்டாப்புல அப்படியே நின்னுச்சு. ஏறுனவங்களை இறக்கிவிட்டு, ஒவ்வொருத்தர்கிட்டயும் குனிஞ்சு மன்னிப்பு கேட்டு, வண்டியை ரிப்பேர் ஆளுங்க கையில ஒப்படைச்சுட்டு, ஈரப்பனி கொட்டுற ரோட்டுல அவ டெப்போவுக்கு நடந்து வந்து சேர்றதுக்குள்ள ஷூ ரெண்டும் சொதசொதன்னு ஆயிருச்சு.

டெப்போவுல கால் வைக்க இடமில்ல. டிராம் ஓடலைன்னா அந்த ரூட்டுல பஸ் விட்டே ஆகணும். கம்பெனி சின்னது, அதனால டிராம் ஓட்டுறவங்க எல்லாருமே பஸ் லைசென்சும் வெச்சிருப்பாங்க. கண்ட்ரோல் ரூம் ஒனோதேரா ஒரு காதுல போனு, இன்னொரு காதுல வயர்லெஸ்ஸுன்னு கத்திட்டு இருந்தாரு. ரிட்சுகோவைப் பாத்ததும் பின்வரிசையைக் கை காட்டினாரு. அங்க ஒரு பழைய பஸ் நிக்குது, அதை எடுத்துட்டு ஓடு, லைன் முனையில ஷியோகுச்சியில ஜனம் நனைஞ்சிட்டு நிக்குது.

பின்வரிசை வண்டிங்களை சாதாரணமா யாரும் தொட மாட்டாங்க. அதெல்லாம் ஒர்க்‌ஷாப் கணக்கு, அதாவது ஷோஹெய் கணக்கு. அவன்தான் இந்த டெப்போவோட மெக்கானிக். அவன் அப்போ பார்ட்ஸ் வாங்க வெளிய போயிருந்தான். இருந்திருந்தா ஓடி வந்து தடுத்திருப்பான். விதி, அவன் இல்ல.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். பஸ்காரங்க இருக்காங்களே, அவங்க வண்டி நெத்தியில இருக்குற ஊர் பேர் போர்டை மாத்துறதே ஒரு ஸ்டைலு. தலைக்கு மேல இருக்குற கைப்பிடியை நாலு சுத்து சுத்துவாங்க, துணிச்சுருள் ஓடும், தனக்கு வேண்டிய ஊர் பேர் வந்ததும் நிறுத்திட்டுக் கிளம்பிருவாங்க. சுருள்ல அதுக்கு அப்புறம் என்ன இருக்குன்னு எவனும் பாக்க மாட்டான். ஆனா டிராம்காரங்க வேற சாதி. அவங்களுக்கு எதையும் விரலை நீட்டிக் காட்டி, வாயால சத்தமா சொன்னாத்தான் பாத்த மாதிரி. சிக்னல் பச்சை, சரி. கதவு மூடியாச்சு, சரி. வீட்ல கேஸ் அடுப்பை அணைச்சாக்கூட ரிட்சுகோ விரலை நீட்டி "அடுப்பு, சரி"ன்னுதான் படுக்கவே போவா. ஷோஹெய் அதுக்கு தினமும் சிரிப்பான்.

அதனால அவ சீட்டுல உக்காந்ததும் என்ன பண்ணா? வெள்ளைக் கையுறை போட்ட விரலை நீட்டினா. ஸ்டீயரிங், சரி. பிரேக், சரி. கண்ணாடி, சரி. அப்புறம் போர்டு. துணி எங்கயாவது சிக்குதான்னு சுருளை இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஓட்டிப் பாக்கணும், அது டிராம்காரங்க பழக்கம். சுத்த ஆரம்பிச்சா.

ரயில்வே ஸ்டேஷன், சரி. ஆஸ்பத்திரி சுத்து, சரி. வெந்நீர் ஊத்து மலை, சரி. சிறப்பு வண்டி, சரி. இன்னிக்கு அவளுக்கு வேண்டியது அதுதான், அங்கயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. சுத்தினா. பழுப்பேறின துணி முடிஞ்சு, திடீர்னு பளிச்சுனு வெள்ளைத் துணி வந்துச்சு. புதுசா ஒட்டுன துணி. கருகருன்னு எழுத்து.

"பதினஞ்சு, ஷியோகுச்சி துறைமுகம்..."

"சரி"ங்குற வார்த்தை வாய்க்குள்ளயே நின்னுருச்சு. நீட்டுன விரலும் அப்படியே அந்தரத்துல நின்னுச்சு.

ஷியோகுச்சிக்குப் பஸ் கிடையாது. என்னிக்குமே இருந்ததில்ல. அது டிராம் லைனோட கடைசி ஸ்டாப்பு, அவளோட ஸ்டாப்பு, அவங்க அப்பாவோட ஸ்டாப்பு. அந்தப் பேருக்குக் கீழ பொடி எழுத்துல எல்லா ஸ்டாப்பும் வரிசையா இருந்துச்சு. மீன் மார்க்கெட், பள்ளிக்கூடம், பாலத்தடி. ஒண்ணு விடாம டிராம் நிக்குற இடங்கள்.

முதல்ல அவ மனசு சமாதானம் தேடுச்சு. இன்னிக்கு மாதிரி கம்பி அறுந்தா போடுறதுக்குன்னு வெச்சிருப்பாங்களோ? ஆனா அதுக்குத்தான் "சிறப்பு வண்டி"ன்னு ஒரு போர்டு இருக்கே. நம்பர் எதுக்கு? ஒரு வண்டிக்கு நம்பர் குடுக்குறாங்கன்னா அது தினம் ஓடப்போகுதுன்னு அர்த்தம். நாளைக்கும், அடுத்த வருஷமும், டிராம் இல்லாத ரோட்டுல.

அப்புறம்தான் ரெண்டாவது இடி விழுந்துச்சு. இந்த டெப்போவுல போர்டுப் பெட்டியைத் திறக்குறது ஒரே ஒரு ஆளு. துணியை ஒட்டுறதும் அதே ஆளுதான். போன மாசம் பூரா "ஹீட்டர் வேலை"ன்னு வீட்டுக்கு லேட்டா வந்த ஆளு.

கண்ணாடியில பாத்தா, ஷோஹெய் கேட்டுக்குள்ள சைக்கிளைத் தள்ளிட்டு வர்றான். பின்வரிசையில இன்ஜின் சத்தம் கேட்டதும் சைக்கிளை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தான். முன்கதவுப் படியில ஒரு காலை வெச்சவன், தலைக்கு மேல போர்டு எந்த எடத்துல நிக்குதுன்னு பாத்தான். முகம் பேய் அறைஞ்ச மாதிரி ஆயிருச்சு.

அவ கத்தல. அதுதான் அவனுக்கு இன்னும் பயமா இருந்துச்சு.

"எப்போலேர்ந்து தெரியும்?"

அவன் சுத்தி வளைச்சான். கம்பெனி வெளிய சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க, வசந்தத்துலதான் அறிவிக்கப்போறாங்க, தண்டவாளத்தை எடுக்குறது அடுத்த வருஷம்தான், அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாது, உனக்குப் பஸ்ஸுல வேலை உண்டு, பேரு போட்டாச்சு. எல்லாத்தையும் மடமடன்னு சொன்னான்.

"ஷோஹெய். நான் அந்த ஊருக்கு வரலைன்னு போன்ல சொன்னேன்ல. அப்போ நீ எங்க இருந்த?"

"...வீட்லதான்."

"வீட்ல எங்க?"

"உன் பக்கத்துல."

"என்ன பண்ணிட்டு இருந்த?"

அவன் தரையைப் பாத்தான். "ஆரஞ்சு உரிச்சிட்டு இருந்தேன்."

"நான் போனை வெச்சதும் எனக்கு ஒரு சுளை குடுத்த. நார் எல்லாம் எடுத்துட்டுக் குடுத்த."

கழுத்தறுக்குறவன்கூட கத்தியை மறைச்சுத்தான் வருவான். இவன் நாரெடுத்த ஆரஞ்சோட பக்கத்துல உக்காந்திருந்திருக்கான்.

இப்பகூட அந்த வடக்குக் கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேக்கலாமேன்னு முணுமுணுத்தான். அவ இல்லன்னு தலையாட்டினா. அந்த சீட்டுக்கு வேற ஆள் எடுத்தாச்சு, நேத்தே வெப்சைட்டுல போட்டுட்டாங்க. அவ பாத்தா. பாத்துட்டு, நல்லவேளை நம்ம லைன் இருக்குன்னு நிம்மதியா தூங்கினா. அதையும் அவன்கிட்ட சொன்னா, நிம்மதியா தூங்கினேன்னு.

"ரிட்சு, நீ போயிட்டா நம்ம வீடு என்ன ஆகும்னு யோசிச்சேன். உன் நல்லதுக்குத்தான். நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசித்தான்..."

சொல்லிட்டு வாயை மூடினான். ரொம்ப லேட்டா மூடினான்.

"ரெண்டு பேரா? இன்னொருத்தர் யாரு?"

அதுக்குள்ள ஒனோதேரா ஜன்னல் வழியா தலையை நீட்டி, புருஷன் பொண்டாட்டி கொஞ்சுறதுக்கு இதா நேரம், ஷியோகுச்சியில ஜனம் ஐஸ் ஆயிட்டு இருக்குன்னு ஒரு கத்து கத்தினாரு. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. ஷோஹெய் படியிலேர்ந்து காலை எடுத்தான். அவ கைப்பிடியைத் திருப்பி "சிறப்பு வண்டி"யில நிறுத்திட்டு, கதவை மூடினா. கதவு மூடியாச்சு, சரி. பழக்கம், வாய் தானா சொல்லுச்சு.

ஷியோகுச்சியில ஏறுனவங்க பாதிப் பேரு அவளுக்குத் தெரிஞ்ச மூஞ்சிதான். மீன்வடை போடுற குவாதா அக்கா முதல் சீட்டுல உக்காந்தாங்க. அந்தம்மா கடை டிராம் கடைசி ஸ்டாப்புக்கு நேர் எதிர்ல. வண்டி வந்து நின்னதும் இறங்குறவன் மூக்குல எண்ணெய் வாசனை ஏறணும், அதுதான் அவங்க வியாபாரம். கை பூரா சுட்ட தழும்பு, வாய் பூரா நக்கல்.

"என்னடி, இன்னிக்கு ரப்பர் டயரு? தண்டவாளம் இல்லாம நேரா போவியா நீ?"

ரிட்சுகோ சிரிச்சா. சிரிக்க முடிஞ்சுதுங்குறதே அவளுக்கு ஆச்சரியம். வண்டி ஓடுறப்ப டிரைவர்கிட்ட பேசக்கூடாது, அதனால அக்கா பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட பேசிட்டே வந்தாங்க. காதுல விழாம இருக்குமா? பக்கத்துக் கடை காலியாகுதாம். அதையும் சேத்துப் பிடிக்கப்போறாங்களாம். ஒசாகாவுல பொழப்பு சரியில்லாத மகனை வரச்சொல்லி, அவனுக்கு அங்க ஒரு நூடுல்ஸ் கடை வெச்சுக் குடுக்கணுமாம். இப்போ அதுக்குத்தான் போறாங்க, ஸ்டேஷன் பக்கத்துல வீட்டு புரோக்கர் ஆபீஸு. கையெழுத்துக்குப் பதிலா குத்துற முத்திரை கைப்பையிலயே இருக்கு. குத்திட்டா முடிஞ்சுது.

ஒவ்வொரு வார்த்தையும் ரிட்சுகோ முதுகுல வந்து விழுந்துச்சு. அடுத்த வருஷம் டிராம் போயிட்டா பஸ்ஸு மீன் மார்க்கெட் வாசல்லயே திரும்பிரும். பெரிய வண்டி அந்தத் தெருவுக்குள்ள நுழையவே நுழையாது, இப்போகூட ஜனத்தை மார்க்கெட் வாசலுக்கு நடக்க வெச்சுத்தான் ஏத்துனா. அப்போ கடை வாசல்ல எவன் இறங்குவான்?

ஸ்டேஷன் வந்துச்சு. எல்லாரும் இறங்குனாங்க. குவாதா அக்கா இறங்குறப்ப டிக்கெட் காசு போடுற உண்டியல்ல சில்லறை போட்டுட்டு, கடைசி ஆளா நின்னு, குரலைக் கொஞ்சம் தாழ்த்துனாங்க.

"ஏண்டி, ஊர்ல எவனோ ஏதோ உளர்றான். லைன் இருக்கும்ல? நீ சொன்னா நான் நம்புவேன். உங்கப்பா வண்டியில ஏறுன காலத்துலேர்ந்து உங்க வீட்டு ஆளுங்க பொய் சொல்லி நான் பாத்ததில்ல."

இதுக்கு ஒரு பதில் இருக்கு. கம்பெனி ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்தது, யூனிஃபார்ம் போட்ட அத்தனை பேருக்கும் மனப்பாடம். அப்படி எந்த முடிவும் எடுக்கப்படலீங்க, வழக்கம்போல எங்க சேவையைப் பயன்படுத்திக்கோங்க. ரிட்சுகோ வாயைத் தொறந்தா. "அப்படி எந்த முடி..." வரைக்கும் வந்துருச்சு. சிரிச்ச முகமா, குரல்ல தேன் ஒழுக.

நிறுத்தினா. தன் கையைப் பாத்தா. வெள்ளைக் கையுறைதான் இருந்துச்சு, ஆனா அவளுக்கு என்னமோ அந்த விரல்ல ஆரஞ்சு வாசனை அடிச்ச மாதிரி இருந்துச்சு.

"அக்கா. இன்னிக்கு முத்திரை குத்தாதீங்க."

"என்னது?"

"இறங்கி, முன்னாடி வந்து நின்னு, என் போர்டைப் பாருங்க."

அந்தம்மா ஒண்ணும் புரியாம இறங்குனாங்க. குடையை விரிக்கக்கூடத் தோணாம ஈரப்பனியில நின்னு அண்ணாந்து பாத்தாங்க. ரிட்சுகோ கைப்பிடியைப் பிடிச்சா. இதுக்கு என்ன ஆகும்னு அவளுக்கு நல்லாவே தெரியும். கம்பெனி ரகசியத்தை நெத்தியில ஒட்டிக்கிட்டு ஊர்வலம் போறவளுக்கு டிராமும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. வடக்குல இருந்த சீட்டும் போச்சு. இதையும் விட்டா கையில ஒண்ணுமில்ல. முப்பத்தி மூணு வயசுல இந்த ஒரு வேலைதான் அவளுக்குத் தெரியும்.

சுத்தினா. சிறப்பு வண்டி மேல ஏறிப் போச்சு. வெள்ளைத் துணி இறங்கி வந்துச்சு. பதினஞ்சு, ஷியோகுச்சி துறைமுகம்.

இந்தத் தடவை விரலை நீட்டி முழுசா சொன்னா.

"சரி."

குவாதா அக்கா பொடி எழுத்து ஸ்டாப்பெல்லாம் உதட்டை அசைச்சுப் படிச்சாங்க. படிச்சு முடிச்சதும் கைப்பையை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டாங்க. புரோக்கர் ஆபீஸு பக்கம் போகல. க்யூவுல நின்னவங்க ஒருத்தர் ஒருத்தரா அண்ணாந்தாங்க. ஒரு ஸ்கூல் வாத்தியார் போனை எடுத்துப் போட்டோ பிடிச்சாரு. யாரோ, "பதினஞ்சுன்னு ஒண்ணு இருக்கா நம்மூர்ல?"ன்னாங்க. யாரோ, "தண்டவாளத்துக்கு மேலயே பஸ் விடப்போறானுங்களா?"ன்னாங்க. அப்புறம் எல்லாரும் ஏறுனாங்க.

வண்டி ஸ்டேஷன் ரவுண்டானாவைச் சுத்தி பெரிய ரோட்டுல இறங்குச்சு. நடுவுல டிராம் ஓடாத தண்டவாளம், அதுக்குப் பக்கத்துல அவ. கம்பி ரிப்பேர் பண்றவங்க ஏணி மேலேர்ந்து எட்டிப் பாத்தாங்க. எதிர்ல வந்த பஸ் டிரைவர் வழக்கமா கையைத் தூக்குறவன், இன்னிக்கு பாதியில நிறுத்திட்டு வாயைப் பொளந்தான்.

வயர்லெஸ் கரகரன்னுச்சு. ஒனோதேரா.

"ரிட்சுகோ, யாரோ போன் பண்றாங்க. உன் போர்டு தப்பா இருக்காம். பதினஞ்சுன்னு போட்டிருக்காம். நம்மகிட்ட பதினஞ்சே கிடையாதே."

ஆக, அவருக்கும் தெரியாது. டெப்போவுல பாதிப் பேருக்குத் தெரியாது. அவங்களும் பிள்ளைகுட்டி படிப்பு, வீட்டுக் கடன்னு இந்த லைனை நம்பித்தான் உக்காந்திருக்காங்க.

"தப்பு இல்லண்ணே. விரலை நீட்டிப் பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு."

சொல்லிட்டு மைக்கைத் திரும்ப மாட்டினா.

அடுத்த சிக்னல் சிவப்பு விழுந்துச்சு. நின்னா. நின்ன இடம் கம்பெனி ஹெட் ஆபீஸு வாசல். கண்ணாடிக் கதவு தொறந்து கோட்டு சூட்டு போட்டவங்க நாலஞ்சு பேர் வெளிய வந்தாங்க, யாரையோ வழியனுப்புறதுக்கு. எல்லாரும் இடுப்பு வரைக்கும் குனிஞ்சாங்க. குனிஞ்சு நிமிர்ந்தப்பதான் பஸ்ஸு அவங்க கண்ணுல பட்டுச்சு. ஒருத்தன் கையில இருந்த குடை கீழ விழுந்துச்சு. இன்னொருத்தன் உள்ள ஓடினான். மத்தவங்க போர்டைப் பாத்தது பாத்தபடி நின்னாங்க.

அவங்க யாரை வழியனுப்ப வந்தாங்களோ, அவரு நடுவுல நின்னாரு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடுற அந்தக் கறுப்புக் கோட்டு. நல்லா வாரின வெள்ளை முடி. டிராம் ஓட்டி ஓட்டி ஒரு பக்கமா சாஞ்ச தோளு.

அப்பா.

க்யூவுல நின்னவங்க எல்லாரும் போர்டைப் பாத்தாங்க, ஆபீஸ்காரங்க போர்டைப் பாத்தாங்க, ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் போர்டைப் பாத்தான். தோகுஜி மட்டும் அண்ணாந்து பாக்கவே இல்ல. மேல என்ன எழுதியிருக்குன்னு அவருக்குப் பாக்க வேண்டிய அவசியமே இல்லாத மாதிரி, நேரா கண்ணாடி வழியா பொண்ணு முகத்தை மட்டும் பாத்தாரு.

சிக்னல் பச்சை விழுந்துச்சு. பின்னாடி வண்டிக்காரங்க ஹாரன் அடிச்சாங்க. ரிட்சுகோ விரலை நீட்டல, வாயைத் தொறக்கல. வண்டி மட்டும் நகர்ந்துச்சு.